நிக்காசியோ பாரின் நீண்ட ஞாயிறு

1969ஆம் ஆண்டு மே மாதம் பதினோராம் தேதி மதியம் ஒன்று இருபதுக்கு நிக்காசியோவின் பாருக்குள் நின்றுபோன ஞாயிற்றுக்கிழமை, பதினாறு வருடமும் இருபத்து மூன்று நாளும் நீடித்தது. வெளியே திங்கட்கிழமை வழக்கம்போல வந்தது, செவ்வாய் வந்தது. எங்கள் ஊர் அல்மேரியாவின் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் திராட்சையை ஏற்றிக்கொண்டு போயின. எங்கள் தெருவில் ஆட்கள் பிறந்தார்கள், செத்தார்கள், வீடு மாற்றினார்கள். பாரின் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்தால் மட்டும் பூசை முடிந்த நேரத்து வெயில் தரையில் மூன்றாவது ஓடு வரை விழுந்திருக்கும், சுவர்க் கடிகாரம் ஒன்று இருபது காட்டும், வந்தவருக்கு மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்கிற நினைப்பே மனத்தைவிட்டுப் போயிருக்கும்.

பார் நிக்காசியோவின் அப்பா தொடங்கியது. துத்தநாகத் தகடு பதித்த நீள மேடை, அதற்குப் பின்னால் அடுப்பும் இரும்புக் கல்லும், மேலே கொக்கிகளில் தொங்கும் உப்புக்கண்டப் பன்றித் தொடைகள், பின்பக்கம் சன்னல் இல்லாத ஒரு சரக்கறை, மாடியில் வீடு. ஒரு கோப்பை பீர் அல்லது ஒயின் கேட்டால் கூடவே ஒரு சின்னத் தட்டில் தபா என்கிற கொறிக்கும் பண்டம் வரும். எந்தத் தபா என்று வந்தவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் நிக்காசியோவின் மனைவி கசில்தா அடுப்புப் பக்கம் திரும்பிக் கத்திவிடுவாள். "டாக்டருக்கு ஒரு நெத்திலி! கோஸ்மே அண்ணனுக்குத் தொர்த்தியா, ஓரத்துண்டு!" முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தத் தடித்த அடையின் ஓரத்துண்டுக்காகவே வருகிறவர்கள் இருந்தார்கள். அவள் குரல் தெருமுனை மருந்துக்கடை வரை கேட்கும். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது, நிக்காசியோவுக்கு நாற்பத்து நாலு. எட்டு வயது மகள் எல்விரா சரக்கறையில் ஒலிவக்காய்ப் பீப்பாயின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை டாக்டர் பல்தசார் கசில்தாவின் கழுத்துக் கட்டியை மூன்றாம் முறையாகப் பரிசோதித்துவிட்டு, அந்தக் காலத்து வழக்கப்படி அவளிடம் ஒன்றும் சொல்லாமல் புருஷனைத் தனியே கூப்பிட்டார். நிணநீர்க் கட்டிகளில் புற்று, நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிட்டது, திராட்சை அறுவடை வரை தாங்கினால் பெரிது என்றார். நிக்காசியோ தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மறுநாளுக்கான கிழங்கைத் தோல் சீவினான். மறுநாள் ஞாயிறு. பார் நிரம்பி வழிந்தது. சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கோஸ்மே, தன் மாமியார் கழுதைமேலிருந்து விழுந்த கதையை நூறாவது முறையாகச் சொன்னார். கசில்தா நாலு தட்டுகளை ஒரே கையில் ஏந்தியபடி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கதவு வழியாக வந்த வெயில் அவள் தொண்டைக்குழியில் விழுந்தது. நிக்காசியோ கல்லில் வதங்கிக்கொண்டிருந்த இறால்களைப் பார்த்து, "இது போதும். இதுக்கு மேல நான் ஒன்னும் கேக்கல" என்றான். அவன் ஜெபம் செய்கிற ஆள் இல்லை. இறாலைப் பற்றித்தான் பேசுகிறான் என்று நினைத்த கோஸ்மே, "எங்கய்யா போதும், இன்னும் நாலு போடு" என்றார்.

முதலில் விஷயத்தைக் கண்டுபிடித்தது கோஸ்மேயின் மனைவி பெத்ரா. அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று போன மனுஷன், தன் கணக்குப்படி அரை மணி நேரத்தில் பாரைவிட்டு வெளியே வந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வாசலில் கரண்டியோடு நின்ற பெத்ரா, "சோறு ஆறிக் கட்டியாகி எத்தனை நேரம் ஆச்சு தெரியுமா? சட்டியில இருந்த முயல் ரெண்டாவது தடவ செத்துப்போச்சு!" என்றாள். கோஸ்மே ஆகாயத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அவள் கையைப் பிடித்து பாருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் நிலைப்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து நின்றாள். வலது தோளில் மதிய வெயில் சுட்டது, இடது தோளில் சாயங்காலக் காற்று அடித்தது. இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஆமா, இங்க ஒன்னு இருபதுதான்" என்று ஒப்புக்கொண்டு ஒரு கோப்பை வெர்மூத் ஒயின் கேட்டாள்.

கசில்தா திங்கட்கிழமை காலை மேசைத் துணிகளைக் காயப்போட மொட்டைமாடிக்குப் போனவள், கொடிக்கயிற்றின் கீழே மயங்கி விழுந்தாள். காய்ச்சல் கொதித்தது. நிக்காசியோவும் கோஸ்மேயும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். டாக்டர் வரும்வரை படுக்கவைக்கலாம் என்று பாருக்குள் கொண்டுவந்த நிமிடமே அவள் கண்ணைத் திறந்து, "என்ன, ஊர்வலத்துச் சிலையத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வர்றீங்க? இறக்கி விடுங்கய்யா" என்றாள். உடம்பில் காய்ச்சல் இல்லை. வியாழக்கிழமை மீன் சந்தைக்குப் புறப்பட்டபோதும் இப்படியே ஆயிற்று. மூன்றாம் முறை அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. மேடைக்குப் பின்னால் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த புருஷனிடம் வந்து நின்றாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரத்தம் கொஞ்சம் கம்மியாம்."

"கெழங்கப் பாத்துச் சொல்லாத, மனுஷா. என்னப் பாத்துச் சொல்லு."

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றையும் விடாமல் சொன்னான். கசில்தா ஈரத்துணியை எடுத்து மேடையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துடைத்தாள், பிறகு மறுமுனையிலிருந்து இந்த முனைவரை. "அப்ப, உள்ள இருந்தா இன்னிக்கு ஞாயித்துக்கெழம" என்றாள். ஆமாம் என்றான். "நாளைக்கும்?" தெரியவில்லை என்றான். "சரி, கெழங்க நறுக்கு. கூட்டம் நிக்குது."

அப்படித்தான் அவள் பாருக்குள் குடியேறினாள். சரக்கறையில் ஒரு கட்டில் போட்டார்கள். கதவின் அடியில் எப்போதும் ஒரு கோடு வெயில் கிடக்கும், அதை மறைக்க ஒரு கோணியைச் சுருட்டி வைத்துத் தூங்கினாள். டாக்டர் பல்தசார் மாதம் ஒருமுறை வந்து அவள் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். கட்டி சரியாக ஒரு ஒலிவக்காய் அளவு இருந்தது. அடுத்த மாதமும் ஒரு ஒலிவக்காய் அளவுதான். "நான் படிச்ச புத்தகத்துல இது இல்லம்மா" என்று சொல்லிவிட்டு தனக்குரிய நெத்திலித் தட்டை வாங்கிக்கொள்வார். உள்ளே எது நடக்கும், எது நடக்காது என்பதையும் எங்கள் தெரு மெல்லத் தெரிந்துகொண்டது. கிழங்கு வேகும், ஆனால் அழுகாது. பீர் தீரும், பால் திரியாது. மாவு புளித்துப் பொங்காது. காடியில் போட்ட நெத்திலி எத்தனை நாள் கிடந்தாலும் பச்சையாகவே கிடக்கும், ஊறாது. எனவே நெத்திலியை மருந்துக்கடைக்காரி தன் வீட்டில் ஊறவைத்துக் கொடுத்தாள். ரொட்டி மாவு தையற்காரர் வீட்டில் பொங்கியது. மூன்று மணி நேரம் அடுப்பில் கிடக்க வேண்டிய கொண்டைக்கடலைக் குழம்பைப் பெத்ரா பார்த்துக்கொண்டாள். காலை பதினோரு மணிக்கு எங்கள் தெருவில் மூடிய பாத்திரங்களோடு ஆறேழு பேர் நிக்காசியோவின் பாரை நோக்கி நடப்பது சாதாரணக் காட்சி ஆயிற்று. பதிலுக்கு அவர்களும் பாரைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பல்வலிக்காரர்கள் வைத்தியர் கடை திறக்கும்வரை உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பிரசவ வலியோடு வண்டிக்குக் காத்திருந்த ஒரு மீனவன் மனைவி, வலி நின்றுபோனதால் இரண்டு தட்டு இறால் சாப்பிட்டுவிட்டு, வண்டி வந்ததும் வெளியே போய்த் தெருவிலேயே பெற்றாள். பெண் குழந்தைக்குக் கசில்தா என்றே பெயர் வைத்தார்கள்.

பங்குச் சாமியார் இரேனியோவுக்குத்தான் சங்கடம். பெரிய வெள்ளிக்கிழமை அன்று கோயிலில் ஆள் குறைந்திருந்ததைக் கண்டு தேடிக்கொண்டு வந்தவர், பாதி ஊர் நிக்காசியோவின் பாரில் பன்றித் துண்டை மென்றுகொண்டிருந்ததைக் கண்டார். "இன்னிக்கு எறச்சி தின்னக் கூடாதுன்னு தெரியாதா?" என்று வாசலில் நின்று கத்தினார். "உள்ள வாங்க சாமி, இங்க ஞாயித்துக்கெழம" என்று கசில்தா கூப்பிட்டாள். அவர் உள்ளே வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். அப்படியென்றால் நீங்கள் எல்லாரும் தினமும் பூசை காண வேண்டியவர்கள் என்று அவர் வாதத்தைத் திருப்பினார். பூசை இப்போதுதான் முடிந்தது என்று கோஸ்மே எடுத்துக்காட்டினார். மேல் இடத்துக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்ன சாமியார், பதில் வரும்வரை ஒரு சின்னத் துண்டு மட்டும் என்றார். பதில் வரவே இல்லை.

அந்த முதல் கோடை விடுமுறை முழுக்க எல்விரா அம்மாவோடு பாருக்குள்ளேயே கிடந்தாள். அக்டோபரில் பள்ளிச் சீருடையைப் போட்டுப் பார்த்தபோது, ஜூனில் இருந்த அளவுக்கே அது பொருந்தியது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இரண்டு விரல் உயர்ந்திருந்தார்கள். கசில்தா மகளைச் சரக்கறை நிலைச்சட்டத்தோடு நிற்கவைத்துக் கரிக்கோட்டால் அளந்தாள், பழைய கோட்டின்மேலேயே புதுக் கோடு விழுந்தது. நோயைப் பற்றிக் கேட்டபோது அழாதவள் அன்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சட்டம் போட்டாள்: எல்விரா ஒரு நாளைக்கு உள்ளே இருக்கக்கூடியது இரண்டு தொர்த்தியா வேகும் நேரம். கடிகாரம் ஓடாத இடத்தில் வேறு அளவு இல்லை. முதல் தொர்த்தியாவைச் சட்டியில் ஊற்றும்போது பெண் உள்ளே வருவாள், இரண்டாவதைத் தட்டில் கவிழ்க்கும்போது கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்குள் தலை பின்னி, பாடம் கேட்டு, யாரோடு சண்டை என்று விசாரித்து, திட்டி, முத்தம் கொடுத்து முடிக்க வேண்டும். "இன்னும் ஒரு பக்கம் வேகலம்மா" என்று பெண் கெஞ்சும். "கருகிடுச்சு. போ, வெளிய போய் வளரு" என்று தாய் விரட்டுவாள். வழியனுப்பிப் பார்க்கவும் அவளால் முடியாது. கண்ணாடிக்கு வெளியே அவளுக்குத் தெரிந்தது 1969இன் வெயில் தெரு மட்டும்தான். கதவைத் தாண்டிய மறுகணம் எல்விரா அந்த வெயிலில் கரைந்துவிடுவாள். நிக்காசியோ மாடியில் மகளோடு படுத்தான், சந்தைக்குப் போனான், பள்ளிக் கூட்டங்களுக்குப் போனான், திரும்பி வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் ஒப்பித்தான். அதிகம் பேசாத மனுஷன் அப்படித்தான் பேசக் கற்றுக்கொண்டான்.

அவள் வெளியே போக முடியாததால் ஊர் உள்ளே வந்தது. எல்விராவின் புதுநன்மைச் சடங்கு அன்று வெள்ளை உடுப்புப் போட்ட பன்னிரண்டு பெண்களும் பாருக்குள் வரிசையாக வந்து நின்றுவிட்டுப் போனார்கள். புனித வாரத்தில் மாதா சிலையைத் தூக்கி வந்தவர்கள், பல்லக்கு கதவுக்குள் நுழையாததால் தெருவில் முழங்காலிட்டு அதைத் தாழ்த்தி, சிலையின் கைவிரல்கள் மட்டும் நிலைப்படிக்கு உள்ளே வரும்படி பிடித்தார்கள். கசில்தா அந்த விரல்களைத் தொட்டுக் கும்பிட்டாள். மலையில் பனி விழுந்த வருடம் ஒரு லாரி ஓட்டுநர் ஒரு வாளி பனி கொண்டுவந்தார். அது உருகாமல் ஒரு மாதம் மேடையில் இருந்தது, அதில் பீர் வைத்தார்கள். நாட்டைப் பல பத்தாண்டுகள் ஆண்ட தளபதி செத்த வாரம் தெருவில் கடைகள் கதவடைத்தன. நிக்காசியோவின் பார் மட்டும் திறந்திருந்தது, ஏனென்றால் உள்ளே அவர் இன்னும் சாகவில்லை. அதற்குப் பிறகு வெளியே எல்லாரும் இஷ்டத்துக்குக் கத்திப் பேசி, சுவர்களில் எழுதி, கொடி பிடித்துக்கொண்டு போனார்கள். பாருக்குள் வந்ததும் பழக்கம்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அரசியல் பேச வேண்டுமென்றால் கோப்பையோடு நடைபாதைக்குப் போனார்கள்.

கோஸ்மே முழுநாளும் உள்ளேயே இருந்ததால் அவருக்கு வயது ஏறவில்லை. பெத்ராவுக்கு ஏறியது. ஐந்தாறு வருடம் பொறுத்துப் பார்த்தவள், ஒரு நாள் நாற்காலியையும் பின்னல் கூடையையும் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் போட்டாள். "என்னக் கெழவியாக்கிட்டு நீ மட்டும் மாப்பிள்ளையா திரியலாம்னு பாக்குறியா?" அதன்பின் இருவரும் ஒரே அளவில் நின்றார்கள். நிக்காசியோவுக்கு அந்த வசதி இல்லை. சந்தை, மாடி, மகள் என்று நாளில் முக்கால்வாசி வெளியே கழிந்தது. மீசை நரைத்தது, ஒரு முழங்கால் மடங்க மறுத்தது, சின்ன எழுத்து படிக்கக் கண்ணாடி வேண்டியிருந்தது. கசில்தா முப்பத்தெட்டிலேயே இருந்தாள், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். ஒவ்வொரு காலையும் மீன் கூடையோடு கதவைத் தள்ளி உள்ளே வரும்போது அவள் இருக்கிறாளா என்று அவன் முதலில் பார்ப்பான். இருப்பாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, யாருக்கென்று குறிப்பில்லாமல் ஒரு முறை நன்றி என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவான். பதினைந்து வருடத்தில் ஒரு நாளும் அதை அவன் மறக்கவில்லை.

எல்விரா வெளியே போய் வளர்ந்தாள். பதினாலு வயதில் டாக்டர் பல்தசாரைத் தெருவில் மறித்து அம்மாவின் நோய்க்குப் பெயர் என்னவென்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாள். கிரனாதா நகரத்தில் செவிலியர் படிப்பு முடித்து, ரத்த நோய்ப் பிரிவாகத் தேடிப்போய் வேலைக்குச் சேர்ந்தாள். 1984 செப்டம்பரில் விடுமுறைக்கு வந்தவள் தன் பிரிவின் தலைமை மருத்துவரையும் கூட்டிவந்தாள். அவர் இரண்டு தட்டு பொரித்த மீன் சாப்பிட்டார், கைகழுவிவிட்டுக் கசில்தாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், ஒரு வாய் ஒயின் குடித்தால் கட்டி சுள்ளென்று வலிக்குமா என்று கேட்டார். வெளியே இருந்தபோது வலித்தது, உள்ளே இல்லை என்றாள். அவர் தலையாட்டினார். அன்றைக்கு இதற்கு மருந்து இல்லை, இப்போது இருக்கிறது, பத்தில் ஏழு பேர் பிழைக்கிறார்கள் என்றார். ஆனால் மருந்து உடம்பில் வேலை செய்ய நாட்கள் நகர வேண்டும், இங்கே வைத்துக் கொடுக்க முடியாது.

நிக்காசியோ கரண்டியை மேடைமேல் அறைந்தான். "பத்துல ஏழு. மிச்சம் மூணு பேரு?"

"இங்க இருந்தா பத்துல பத்து. எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் எல்விரா.

"தெரியுதுல்ல? அப்ப எதுக்கு வந்து நிக்கிற?"

"ரெண்டு தொர்த்தியா நேரம்தான்ப்பா எனக்கு அம்மா. பதினஞ்சு வருஷத்தையும் கூட்டிப் பாத்தா அரை வருஷம்கூட வராது. நான் வேலைக்குப் போன மொத நாள் இவங்க பாத்ததில்ல. நான் இருக்குற வீட்டுச் சன்னல்லேருந்து என்ன தெரியும்னு இவங்களுக்குத் தெரியாது."

நிக்காசியோ வெளியே போய்விட்டான். துறைமுகச் சுவர் ஓரமாக நடந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கோஸ்மேயும் பெத்ராவும் நாகரிகமாகத் தெருப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள், ஆனால் காதை மூடிக்கொள்ளவில்லை. அதனால்தான் கசில்தா சொன்னது எங்களுக்குத் தெரியும்.

"போன வாரம் ஒரு மாலுமி உங்கிட்ட என்ன கேட்டான்?"

அவன் மேடைமேல் கிடந்த கரண்டியை எடுத்துத் துடைத்தான்.

"உங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டான். என்னக் காட்டிக் கேட்டான். நீ என்ன சொன்ன?"

"ஆயிடுச்சுன்னு சொன்னேன்."

"இன்னும் பத்து வருஷத்துல பேத்தியான்னு கேப்பான்." அவள் அவன் மீசையைத் தொட்டாள். "நீ மட்டும் தனியா போய்க்கிட்டே இருக்க, மனுஷா. நான் நின்ன எடத்துலயே நின்னு உன்னப் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு உன்கூடக் கெழவியாகணும்."

"செத்துப்போயிட்டா?"

"இந்த ஞாயித்துக்கெழமைக்கு நான் கடன்பட்டவதான். இல்லேங்கல. ஆனா குடுத்தத வாங்கி வச்சுக்கிட்டே இருந்தா எப்படி? எதுக்காவது செலவு பண்ண வேணாமா?"

அக்டோபர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, கசில்தா பழைய மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினாள். தெரு முழுக்க நின்றது. முதலில் காற்று அவள் முகத்தில் அடித்தது, பிறகு காய்ச்சல், பிறகு கழுத்தில் வலி. அவள் நிக்காசியோவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஐந்து மாடிக் கட்டடங்களையும் நடைபாதையை அடைத்து நின்ற வண்டிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "இத்தன காரு எதுக்கு? எல்லாரும் எங்க போறீங்க?" என்று கேட்டாள். பிறகு அந்தக் கார்களில் ஒன்றிலேயே ஏறி கிரனாதாவுக்குப் போனாள்.

சிகிச்சை ஏழு மாதத்துக்கு மேல் நீண்டது. முடி கொட்டியது, தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. ரத்தம் தேவைப்பட்டபோது எங்கள் தெருவிலிருந்து முப்பத்தொரு பேர் ஒரு பேருந்து பிடித்துப் போனோம். ஓட்டுநரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். பாரைத் தெரு பார்த்துக்கொண்டது. கோஸ்மே வாழ்க்கையில் முதல் முறையாக மேடைக்குப் பின்பக்கம் நின்று நாளைக்கு மூன்று கோப்பை உடைத்தார். கசில்தா கத்தும் இடத்தில் பெத்ரா கத்தினாள். அவள் போன பிறகும் உள்ளே ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தது. அவள் திரும்பி வரக்கூடும் என்று அது காத்திருப்பதாகச் சிலர் சொன்னார்கள்.

அப்படி ஒரு நாள் வரப் பார்த்தது. ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் இரண்டு நாள் இறங்கவில்லை. எல்விராவே நம்பிக்கை இல்லாத முகத்தோடு வெப்பமானியை உதறினாள். நிக்காசியோ ஒரு வாடகைக் காரைப் பேசி ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடிவந்தான். மூன்று மணி நேரப் பயணம்தான், பாரின் நிலைப்படியைத் தாண்டிவிட்டால் போதும், காய்ச்சல் போய்விடும் என்று சொல்லி அவளைப் போர்வையோடு தூக்கப்போனான். கசில்தா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "போகலாம். போனா பொழச்சுக்குவேன். ஆனா மறுபடி வெளிய வர எனக்குத் தைரியம் இருக்காது. உனக்கும் இருக்காது" என்றாள். பேசவே மூச்சு இல்லை அவளுக்கு. நிக்காசியோ போர்வையை மறுபடி அவள்மேல் இழுத்துவிட்டான். பிறகு கீழே இறங்கிப் போய், காரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து, அவள் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் காலை பத்து மணி வாக்கில் காய்ச்சல் இறங்கியது. அவள் கண்ணைத் திறந்து சன்னலுக்கு வெளியே மலைமேல் பனி கிடந்ததைப் பார்த்து, "இன்னிக்கு என்ன கெழம?" என்று கேட்டாள். வெள்ளி என்றான். பதினைந்து வருடமாகத் தனக்கு இந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையே இருந்ததில்லை என்று அவள் பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள்.

1985 ஜூன் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். கட்டிகள் இல்லை. தலையில் கோழிக்குஞ்சின் தூவி போலப் புதுமுடி முளைத்திருந்தது, அதில் நாலு வெள்ளை. கசில்தா துண்டை அவிழ்த்து அந்த நாலையும் பெத்ராவுக்குக் காட்டினாள், மருந்துக்கடைக்காரிக்குக் காட்டினாள், வழியில் போன தபால்காரரையும் நிறுத்திக் காட்டினாள். எல்லாரையும் கட்டிப்பிடித்தாள். முப்பத்தொரு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நன்றி சொன்னாள். பாருக்குள் மட்டும் போகவில்லை. நடைபாதையில் நின்று கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். உள்ளே ஒன்று இருபது.

"கடைய மூடு" என்றாள்.

"கூட்டம் இருக்கு" என்றான் நிக்காசியோ.

"பதினாறு வருஷமா இருக்கு."

கோஸ்மே கடைசி ஒலிவக்காயை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மற்றவர்களும் கோப்பையைக் காலிசெய்துவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பதினாறு வருடமாக இறக்காத இரும்புக் கதவை இழுத்து மூட மூன்று பேர் தொங்க வேண்டியிருந்தது; அது போட்ட சத்தத்தில் கோயில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. நிக்காசியோ பூட்டைப் போட்டுவிட்டு, பாரம் இழுத்துக் களைத்த கோவேறு கழுதையைத் தட்டிக்கொடுப்பதுபோல அந்த இரும்பை இரண்டு முறை தட்டிக்கொடுத்தான். பிறகு அவனும் அவளும் கடற்கரைப் பக்கம் நடந்து, வேறு ஒருவருடைய பாரில் மேசை பிடித்து உட்கார்ந்தார்கள். ஒரு பையன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். அப்படி யாரும் தன்னைக் கேட்டதே இல்லை என்று கசில்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தொர்த்தியாவில் உப்பு குறைவு என்று அங்கிருந்து அவள் சொன்னது கடற்கரை முழுக்கக் கேட்டதாம்.

செவ்வாய்க்கிழமை காலை நிக்காசியோ இரும்புக் கதவைத் தூக்கியபோது உள்ளே செவ்வாய்க்கிழமை இருந்தது. கடிகாரம் எட்டு பத்து காட்டியது. ரொட்டி காய்ந்திருந்தது, பால் திரிந்திருந்தது, மேடைமேல் இரண்டு ஈக்கள். கசில்தா உள்ளே வந்து சன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். வெளியே எல்விரா வேலைக்குத் திரும்பப் பேருந்து நிறுத்தத்துக்குப் போவது தெருமுனை திரும்பும்வரை தெரிந்தது. கோஸ்மே பதினொரு மணிக்கு வந்து முழங்கால் வலிக்கிறது என்றார், பெத்ரா எனக்கும்தான் என்றாள், இருவருக்கும் ஓரத்துண்டு போயிற்று. யாரும் எதைப் பற்றியும் ஆச்சரியப்படவில்லை. அந்த வார இறுதியில் கதவில் ஒரு அட்டை தொங்கியது: திங்கட்கிழமை விடுமுறை. திங்கட்கிழமைகளில் அவர்கள் இருவரும் வீட்டிலும் இருப்பதில்லை. பார்க்க வேண்டியவர்கள் செவ்வாய்க்கிழமை வரலாம்.